கே.டி.சி. நகரில் ஓர் அரவைக் காப்பிக்கடை

பாளையங்கோட்டை உள்ளூரிலிருந்தும் திருநெல்வேலி டவுனிலிருந்தும் கே.டி.சி. நகருக்கு வீடு மாறுகிறவர்கள், பழைய தெருவில் விட்டுவந்த காப்பிக்கடையை இங்கே தூத்துக்குடி மெயின் ரோட்டில் தேடினால் ஏமாந்துபோவார்கள். ரோட்டோரம் இருப்பவை பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கான டீக்கடைகள். டீ நன்றாகவே போடுகிறார்கள். காப்பி கேட்டால் இன்ஸ்டன்ட் பொடியைப் பாலில் கலக்கி நீட்டிவிடுவார்கள். உள்ளே இரண்டு தெரு தள்ளி, கொட்டை வறுபடும் வாசம் வருகிற பக்கம் திரும்பினால் இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ‘காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரப்படும்’ என்று ஷட்டரில் பெயின்ட்டால் எழுதியிருப்பதுதான் அடையாளம். முன்பாதியில் அரவை மிஷின், பின்பாதியில் அடுப்பும் பித்தளை ஃபில்டரும். நின்று குடிக்கக் கடப்பாக்கல் திட்டு ஒன்று. உட்கார இடமில்லை.

இறக்கிய டிகாஷன் முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுவதுதான் இந்தக் கடையின் பலம். தீராத வேளையில் போனால் இதுவும் பத்தோடு பதினொன்றுதான். அதனால் எப்போது போவது என்பதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைப் படியுங்கள்.

கால் கிலோ பொடிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதுதான் ஒரு ஃபில்டர் கணக்கு. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது ஒரு லிட்டர். தம்ளருக்கு 30 முதல் 35 மில்லி டிகாஷன், 100 மில்லி பால் என்று போனால் முப்பது காப்பி வரும். தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்ப்பதில்லை. முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றி ஒன்றிரண்டு நிமிஷம் விடுகிறார்கள். சிக்கரி ஊறி உப்பி, கொட்டைக்குள் இருக்கும் வாயு வெளியேறிய பிறகுதான் மீதி. கொதித்த தண்ணீரையும் அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிஷம் அடங்கவிட்டே ஊற்றுகிறார்கள். பல கடைகளில் அவசரத்துக்கு இந்த இரண்டையும் விட்டுவிடுவதால், தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து இறங்கி, நடுப்பொடி காய்ந்தே கிடக்கும். நிறம் இருக்கும், சாரம் இருக்காது.

இறங்கிய டிகாஷனை நேரடித் தீயில் வைப்பதில்லை. வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தோடு இறக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கசப்பு ஏறி, அடிநாக்கில் ஒரு புளிப்பும் சேரும். இரண்டாம் டிகாஷனை ‘லைட்’ கேட்பவர்களுக்கு மட்டும் கலக்கிறார்கள். இதைக் கவனித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கூட்டம் ஏறினால் முதல் டிகாஷனில் இரண்டாவதைக் கலந்து கணக்கை நேர் செய்வது இந்தத் தொழிலில் சகஜம்.

தண்ணீர் விஷயத்தில் கடைக்காரர் பிடிவாதமானவர். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர்தான் அடுப்புக்கு. போர் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும். உப்புத் தண்ணீரில் காப்பியின் மெல்லிய புளிப்பு செத்து, சுவை மண்ணாங்கட்டியாகிவிடும். ஃபில்டர் துளையிலும் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். உப்பைச் சுத்தமாக எடுத்துவிட்ட கேன் தண்ணீரும் சரிப்படாது. சாரத்தை இழுக்கக் கொஞ்சம் தாது வேண்டும். வீட்டில் போட்டால் மட்டும் காப்பி சொதப்புகிறது என்கிறவர்கள் பொடியை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம்.

கொட்டையில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகா), பீபெரி, ரொபஸ்டா. கடையில் போடும் காப்பிக்குப் பாதி பிளான்டேஷன், மீதியில் பீபெரி கொஞ்சம் கூடுதல், ரொபஸ்டா கொஞ்சம் குறைவு. மொத்தத்துக்கும் சிக்கரி 20 சதம். பீபெரி என்றாலே உசத்தி என்று நம் பக்கம் ஓர் எண்ணம் உண்டு. அது தனிச் செடி அல்ல. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தால் அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் சீராக உருண்டு சமமாக வறுபடும், அந்த லாபம் மெய். தனிப் பீபெரியில் போட்ட காப்பி பாலில் கரைந்து காணாமல் போவதுமுண்டு. பாலைத் தாண்டி வெளியே தெரிய ரொபஸ்டாவின் முரட்டுத்தனம் வேண்டியிருக்கிறது. வறுத்த கொட்டையை ஒரு ராத்திரி ஆறவிட்டே அரைக்கிறார்கள். சூட்டோடு அரைத்த பொடி ஃபில்டரில் பொங்கித் தண்ணீரை மேலே தள்ளும்.

சிக்கரி வேர்தான், அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டியும் தரும். 20 சதத்தில் தொந்தரவில்லை. 30-ஐத் தாண்டினால் ஃபில்டர் சொட்டவே அழும். கலவைப் பொடியில் 49 சதம்வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இந்தக் கடையின் பெரிய குறை இங்கேதான். கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள், கண்முன்னால்தான் நிறுத்துக் கலக்கிறார்கள்; கவரிலோ விகிதமும் இல்லை, அரைத்த தேதியும் இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு ஆகிவிடும்?

பொடி வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஷினில் முந்தைய ஆளின் பொடி ஒரு பிடி எப்போதும் தங்கியிருக்கும். சிக்கரி இல்லாமல் வாங்குகிறீர்கள் என்றால், ஒரு கை கொட்டையைப் போட்டு ஓட்டிக் கழித்துவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். அரை கிலோ வாங்காமல் 200 கிராமாக வாங்குங்கள், இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைத்தாலே போதும்.

வீட்டு ஃபில்டருக்கு 25 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர், கால் மணி முதல் இருபது நிமிஷம். குடைத்தட்டைப் பொடிமேல் உட்காரவைத்தால் போதும், அழுத்த வேண்டாம். சொட்டவில்லை என்றால் தட்டாதீர்கள், தட்டினால் நைசுப் பொடி துளையில் இறங்கி இறுகிவிடும். மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி மறுபடி வையுங்கள். இரண்டும் இறுக்கமாகப் பொருந்தி நடுவில் காற்று அடைபட்டதுதான் பெரும்பாலும் காரணம். பித்தளை ஃபில்டர் என்றால் உள்பக்கம் ஈயப்பூச்சு வெள்ளையாக இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் டிகாஷனில் களிம்பு ஏறும். கடை ஃபில்டரில் பூச்சு நன்றாக இருக்கிறது.

பால் ஆவின் பச்சைப் பாக்கெட், 4.5 சதக் கொழுப்பு. ஆறு சத ஆரஞ்சுப் பால் நாக்கில் பூசிக்கொண்டு டிகாஷனை மூடிவிடும் என்பதால் இது சரியான தேர்வு. காலையில் பால் குறையில்லை. பத்து மணிக்குமேல் பழைய பாலோடு புதுப் பாலைச் சேர்த்துச் சேர்த்துக் காய்ச்சுவதால் ஒரு வெந்த வாடை வருகிறது. சீனி சொல்லாவிட்டால் இரண்டு ஸ்பூன் விழும். நம்மில் பலருக்கு ஒன்றே அதிகம்.

கருப்பட்டிக் காப்பி மாலையில் மட்டும். உடன்குடிக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டிப் பாகாக வைத்திருக்கிறார்கள். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும். இங்கே பாகை டிகாஷனில் கலந்து, பாலை அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி அடங்கிய பிறகு ஊற்றுகிறார்கள், திரிவதில்லை. சுவையில் லேசான உப்பும் புகையும் தெரிகிறது, நயம் சரக்குதான். சீனி கலந்த கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மினுமினுக்கும். நல்லது மழைக்காலத்தில் கசிந்து இளகும். பால் இல்லாமல் கேட்டு வாங்கினால் இன்னும் நன்றாக இருக்கிறது.

கடிக்கப் பருப்புவடையும் சுசியமும். வடை சுமார்.

பார்சலுக்குத் தூக்குவாளியோ பிளாஸ்கோ கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. பல கடைகள் கண்டுகொள்ளாத அந்தத் தடையை இவர்கள் மதிக்கிறார்கள். கார் நிறுத்த இடமில்லை, மெயின் ரோட்டில் விட்டு நடக்க வேண்டியதுதான்.

காலை ஐந்தரைக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடி, மூன்றரைக்கு மறுபடி திறந்து ஏழரைவரை இருக்கிறார்கள். ஆறிலிருந்து எட்டரைக்குள்ளும், மாலை நாலிலிருந்து ஐந்தரைக்குள்ளும் ஃபில்டர் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். மற்ற நேரத்தில் “அண்ணாச்சி, எப்ப இறக்குனிய?” என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். புதுசு போடுவதாக இருந்தால் “கொஞ்சம் பொறுங்க” என்று அவரே சொல்லிவிடுவார், இருபது நிமிஷம் ஆகும். நேரமில்லாவிட்டால் அன்றைக்கு மெயின் ரோட்டு டீயே மேல்.