நாற்பது சென்ட் விளைக்கு எங்கே போய்ப் படிப்பது?

வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய உறவுக்காரத் தம்பி ஒருவன் குமரி மாவட்டத்துத் திருவட்டாருக்குப் பக்கத்தில் நாற்பது சென்ட் விளை, அதாவது மேட்டுத் தோட்டநிலம், வைத்திருக்கிறான். "அண்ணே, ரசாயனம் போடாமல் பயிர் செய்ய வேண்டும். வானகம் போகவா, திருப்பதிசாரம் போகவா, கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்துக்குப் போகவா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. வேறு பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

வானகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆசை அங்கேதான் கொண்டுபோகும். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வார் உருவாக்கிய பண்ணை அது. 2013 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் பயிற்சிகள் நடக்கின்றன. சில நாட்கள் தங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, மண்வெட்டி பிடித்துப் படிக்கலாம். தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வருகிறவர்கள் நண்பர்களாவார்கள். தனியாக நிற்கிறோம் என்ற பயம் போகும். அதன் மதிப்பை நான் குறைக்கவே மாட்டேன்.

ஆனால் அது மழைக்கு ஏங்கும் நிலம். விழுகிற ஒவ்வொரு துளியையும் பிடித்து வைப்பதுதான் அங்கே முதல் பாடம். குமரியிலோ தென்மேற்குப் பருவமும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமும் பெய்கிறது. மேற்குப் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். இங்கே வாழைக்கு நீரைத் தேக்குவதைவிட வடிப்பதுதான் பெரிய வேலை. வறண்ட ஊர் ஒன்றில் பார்த்த, மழைநீர் பிடிக்கும் குழிகளை அப்படியே என் விளையில் வெட்டினேன். ஆனி, ஆடி மழையில் ஏத்தன் (நேந்திரன்) வாழைகள் அடி அழுகிச் சாய்ந்தன. பக்கத்து விளைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பார்.

திருப்பதிசாரம் இதற்கு நேர் எதிர். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் நெல் ஆராய்ச்சியும் அங்கே இருக்கின்றன. டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாம் சொல்லும் இரண்டு போகமும் தெரிந்த ஆட்கள். மண் பரிசோதனைக்கும், வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டைக் காட்டிக் கேட்பதற்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. தோட்டப்பயிர் என்றால் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குறை என்னவென்றால், ஒருநாள் வகுப்பில் நட்பு வளர நேரமில்லை. இயற்கை வழியோடு ரசாயன உரப் பரிந்துரையும் சேர்ந்தே வரும். எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுப் பெற வேண்டும். கேள்வியோடு போகிறவனுக்கு அள்ளிக் கொடுக்கும். கேள்வியே பிறக்காதவன் கையேட்டோடு திரும்புவான்.

விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தை இரண்டுக்கும் நடுவில் வைப்பேன். அசோலா என்னும் நீரில் மிதக்கும் மாட்டுத்தீவனச் செடி, மண்புழு உரம், பஞ்சகவ்யம், சமையல் கழிவில் ஓடும் எரிவாயுக் கலன் என்று கையால் செய்து பார்க்கும் வேலைகள் அங்கே. ஒரு பசு வைத்திருக்கிறவர்கள் அங்கே அசோலா வளர்ப்பைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பசு இல்லாத தம்பிக்கு அது அடுத்த வருடக் கதை.

தம்பியின் பட்டியலில் இல்லாத பெயர் மார்த்தாண்டம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். இன்றுவரை அந்தத் தொழில் நம் மாவட்டத்தின் அடையாளம். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து கூடு கூடாக அழித்தபோதும் அது முற்றிலும் அணைந்துவிடவில்லை. ரப்பர் தளிர்க்கும் மாதங்களில் தேன்பெட்டிகள் தோட்டம் தோட்டமாகப் போகும். அந்த நாட்களில் ஒரு தேனீக்காரருக்குக் கூடமாட உதவியாகப் போனால் போதும். எந்த விளையில் எது பூக்கிறது, யார் மருந்து அடிக்கிறார், யார் அடிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். மருந்து அடித்த இடத்தில் முதலில் சாவது அவருடைய ஈக்கள் அல்லவா? நஞ்சில்லாமல் பயிர் செய்கிறவர்களின் முகவரிகள் அவரிடம் கிடைக்கும். எந்தப் பயிற்சிச் சான்றிதழிலும் அது வராது.

அக்கம்பக்கத்து உறவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. மரச்சீனிக் (மரவள்ளி) கம்பை நாம் ஒருவருக்கொருவர் சும்மா கொடுத்து வாங்குவோம். அந்த நல்ல பழக்கத்தோடுதான் தேமல் நோயும் வீட்டுக்கு வீடு போகிறது. வெள்ளை ஈ பரப்புவது ஒரு பக்கம், நோய்பட்ட கம்பு பரப்புவது மறுபக்கம். அதனால் கம்பு விஷயத்தில் மட்டும் நட்பைப் பார்க்காமல், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்க வேண்டும். தேமலைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா அவர்கள் தந்த ரகம்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் கால்வாய், மதகு, கடைமடைத் தண்ணீர் என்றே போகும். ஏலாவில், அதாவது நெல்வயல் பரப்பில், வயல் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். விளைக்காரனுக்கு அவசரமில்லை.

விற்கும் நேரத்தில்தான் கூட்டாளிகளின் அருமை தெரியும். இயற்கை விளைச்சலுக்குத் தரும் பி.ஜி.எஸ். என்னும் பங்கேற்புச் சான்று முறையில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் வந்து பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஒரு வாழைக்குலையின் நம்பகத்தன்மைக்கு ஐந்து குடும்பங்கள் பொறுப்பு. நான் பார்த்த எல்லாப் பள்ளிகளிலும் சிறந்தது இதுதான். அடுத்தவர் நிலத்தை ஆராய்ந்து பார்க்கிறபோதுதான் சொந்த நிலத்தின் குறை கண்ணில் படுகிறது. ஆனால் அந்த ஐந்து பேரை எந்த அலுவலகமும் தேடித் தராது.

ஆகவே தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் திருப்பதிசாரத்தில் மண் பரிசோதனை. பிறகு ஒரு பருவம் முழுக்கப் பக்கத்து விளைக்காரரோடும் தேனீக்காரரோடும். இரண்டாம் வருடம் வானகம், அதுவும் தன் மண்ணைப் பற்றிப் பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு. அவனுக்கு வானகத்தைத் தள்ளிப்போடுவதில் வருத்தம்தான். ஆனாலும் நேற்று விளையின் ஐந்து இடங்களில் மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னான்.