ஓதம் பார்க்க வந்தவர்களுக்கு 1,62,500 ரூபாய் அழுத கதை

சென்னையில் பழைய ஃபிளாட் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், இருக்கிறதா என்று சோதிக்க நான் கூப்பிட்ட நிறுவனத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், அது முடியும்வரை சொல்வதாக இல்லை.

போன மே மாதம் மடிப்பாக்கத்தில் 11 வருடப் பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்தோம். வக்கீல் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்து சுத்தம் என்றார். பத்திரத்துக்கு வக்கீல் மாதிரி சுவருக்கும் ஒரு ஆள் பார்க்கட்டுமே என்று எனக்குத்தான் தோன்றியது. என் கணவர் அப்போதே "கொத்தனாரைக் கூப்பிட்டா போதாதா?" என்று கேட்டார், நான்தான் கேட்கவில்லை.

8,500 ரூபாய். இரண்டு பையன்கள், ஒரு தெர்மல் கேமரா, 50 நிமிடம். மூன்றாம் நாள் 62 பக்க அறிக்கை வந்தது, பக்கத்துக்குப் பக்கம் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் படங்கள், எல்லா அறைக்கும் "ஈரப்பதம் ஏற்கத்தக்க அளவு". பாத்ரூமில் புத்தம் புதிதாக பிவிசி ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். அதைக் காட்டி, "தம்பி, இதுக்கு மேல பார்க்க வேணாமா?" என்று கேட்டேன். "கேமராலயே தெரிஞ்சிடும் மேடம்" என்றான். தெரியாது. அந்தக் கேமரா ஈரத்தைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் சூட்டைத்தான் பார்க்கிறது. ஈரம் காயும்போது அந்த இடம் குளிர்வதால் படத்தில் வேறு நிறமாக விழும், அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே தண்ணீர் இல்லையென்றால் படத்திலும் ஒன்றும் இருக்காது. பிளாஸ்டிக் பலகையை நோக்கிப் பிடித்தால் பலகையின் சூடுதான் தெரியும், அதற்கு மேலே இருக்கும் தளம் தெரியாது. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது, அன்றைக்கு அந்தக் கலர் படங்களைப் பார்த்து மயங்கிப்போனேன் என்பதுதான் உண்மை.

நவம்பரில் படுக்கையறையில் ஈரச் சாக்கு வாடை. மழைக்காலம்தானே என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். ஒரு நாள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்தால் மடிப்பு முழுக்க சாம்பல் புள்ளி. உள்ளே கை விட்டுப் பின்பலகையை அழுத்தினேன், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கருப்பாகப் பூஞ்சை.

இங்கேதான் பெரிய தப்பு செய்தேன். அதே நிறுவனத்தையே திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை வந்தவர் கொஞ்சம் வயதானவர், பேச்சில் தேன். மழைத் தண்ணீர் வெளிச்சுவரில் இறங்குகிறது என்றார். அலமாரி இருப்பது வெளிச்சுவரே இல்லை, பாத்ரூமை ஒட்டிய சுவர், வெளிச்சுவர் ஆறடி தள்ளி இருக்கிறது. கேட்டேன். "ஈரம் பரவும் மேடம்." அப்புறம் காற்றுப் பரிசோதனை என்று 6,000 ரூபாய், "பூஞ்சை வித்துகள் கண்டறியப்பட்டன" என்று ஒரு தாள். பூஞ்சை வித்து இல்லாத காற்று ஏது? வெளியே இருக்கும் காற்றிலும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டிருந்தாலாவது அர்த்தம் உண்டு, அதுவும் எடுக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கருப்பாகத் தெரிகிற பூஞ்சைக்குப் பெரும்பாலும் பரிசோதனையே தேவையில்லை என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை. அதை மட்டும் அவர்கள் செய்யவில்லை.

வெளிச்சுவர் கோட்டிங் 1,10,000, உள்ளே பூஞ்சை மருந்தும் ஓதம் தடுக்கும் பெயிண்ட்டும் 38,000. பத்து வருட வாரண்டி அட்டை வேறு.

போகியன்று காலையில் அந்தப் புது பெயிண்ட்டில் கொப்புளம். ஊசியால் குத்தினேன், தண்ணீர் வடிந்தது. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. போன் செய்தால் வாரண்டி வெளிச்சுவருக்கு மட்டும்தானாம். முதல் பரிசோதனையைப் பற்றிக் கேட்டால் 58ஆம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில் இருந்தது: பொருட்களை நகர்த்தியோ மறைப்புகளைத் திறந்தோ சோதிக்கப்படவில்லை.

அதன் பிறகுதான் தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொல்லி ஒரு பிளம்பர் அண்ணன் வந்தார். அறுபது வயதிருக்கும். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மேல் வீட்டுல எப்பம்மா குடி வந்தாங்க?"

ஜூலையில். அதற்கு முன் ஐந்து மாதம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் மே மாதம் பார்த்தபோது மேலே ஒரு குவளைத் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. 62 பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லை.

ஸ்க்ரூ டிரைவரால் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையை நெம்பினார். உள்ளே டார்ச் அடித்தால் தளத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, ஆலம்விழுது மாதிரி தொங்குகிறது. கான்கிரீட் வழியாகக் கசிகிற தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து சொட்டி உறைந்தது. "இது நேத்து இன்னைக்கு வந்ததில்லம்மா, வருஷக்கணக்குல ஒழுகியிருக்கு. மறைக்கத்தான் பலகை போட்டிருக்காங்க." விற்றவரை நினைத்து ஐந்து நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை.

மேல் வீட்டு அக்கா முதலில் முறைத்தார், ஒரே ஒரு நாள்தான் என்று கெஞ்சியதும் சம்மதித்தார். அவர்கள் பாத்ரூமில் தண்ணீர் போகும் ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, அதில் சொட்டு நீலம் ஊற்றினார் பிளம்பர் அண்ணன். மறுநாள் மத்தியானம் எங்கள் வெள்ளை கமோடு மூடியின் மேல் வெளிர்நீலமாகச் சொட்டு விழுந்தது. ட்ராப்பைச் சுற்றிய ஜாயிண்ட் போயிருந்தது. டைல்ஸை எடுத்து, உள்ளே போட்டிருந்த ஊறிப்போன செங்கல் உடைசலை வாரி, புதிதாகப் போட்டு மூட 26,000 ரூபாய். மேல் வீட்டு ஓனரும் நாங்களும் பாதிப் பாதி. ஆக எனக்கு 13,000.

சோதிக்க வருகிறவனே கோட்டிங்கும் விற்கிறான் என்றால் அவன் கண்ணுக்குக் கோட்டிங் அடிக்கிற சுவர்தான் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்: மறைப்பைத் திறப்பீர்களா, தண்ணீர் கட்டிப் பார்ப்பீர்களா, ரிப்பேரும் நீங்களே செய்வீர்களா. கோடையில் வீடு பார்த்தால் மேல் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பாத்ரூமில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் திறக்கச் சொல்லுங்கள், விற்கிறவர் முகம் மாறினால் அதுவே பதில்.

சட்டம் பற்றிக் கேட்பீர்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஐந்து வருடக் குறைபாட்டுப் பொறுப்பு பில்டருக்குத்தான், அதுவும் கைக்கு வந்த நாளிலிருந்து, எங்கள் கட்டடத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், சேவைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் போட்டது அதைத்தான். விற்றவர் மேல் என்ன செய்வது என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சுவரில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். "சித்திரை வரைக்கும் பட்டி வைக்காதீங்கம்மா, உள்ள இருக்கிற ஈரம் வெளிய வரட்டும்" என்று பிளம்பர் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காய்ந்ததா என்று பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி சமையலறை ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுவேன். முன்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம், பின்பக்கம் வேர்த்தால் சுவரின் ஈரம். இன்று காலை பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் இன்னும் மூன்று துளி இருக்கிறது.