ஜிக்சாவா, மரப்பிளேடு மாட்டிய மார்பிள் கட்டரா? வீட்டு வேலைக்கு நான் ஜிக்சாவை எடுத்த காரணம்

செருப்பு வைக்க ஒரு அலமாரி, பூஜை மாடத்துக்கு இரண்டு தட்டு, அடுப்படி மூலைக்கு ஒரு சின்ன ரேக். என் தேவை இவ்வளவுதான். இதற்கு மரம் அறுக்க என்ன மிஷின் வாங்கலாம் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “நாலு இன்ச் மார்பிள் கட்டர் வாங்கிக்கங்க சார், மரப்பிளேடு மாட்டிக்கலாம். டைல்ஸும் வெட்டலாம், பிளைவுட்டும் வெட்டலாம்.” வட்டப் பிளேடு சுழன்று வெட்டும் கை மிஷின் அது. விலையும் அதற்குத்தான் குறைவு. ஆசாரிகள் கையிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. இருந்தும் நான் ஜிக்சாவை, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஏறி இறங்கி அறுக்கும் கை மிஷினை எடுத்தேன். வாங்கி நன்றாகப் புழங்கிய பிறகும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். நீளமான நேர்க்கோட்டு வெட்டுக்கு மார்பிள் கட்டர்தான் வேகம், வெட்டும் நேராக வரும். வளைவு, வட்டம், பலகையின் நடுவே ஒயர் போக ஓட்டை, சுவிட்ச் பெட்டிக்குச் சதுரம் என்றால் ஜிக்சா. சத்தமும் தூசியும் இரண்டிலும் உண்டு.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு கேள்வி. பிளேடு மரத்துக்குள் சிக்கிக்கொண்டால் மிஷின் என்ன செய்யும்?

வீட்டில் வேலை செய்பவருக்கு இது எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. நம்மிடம் ஒழுங்கான வேலை மேசை கிடையாது. பிளைவுட்டை இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே போட்டு நடுவில் அறுப்போம். வெட்டு முடியும் நேரத்தில் பலகை நடுவில் தொய்யும், அறுத்த பிளவு மேல்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். மார்பிள் கட்டரில் பிளேடின் முன்பக்கம் கீழிருந்து மேலாகச் சுழல்கிறது. பிளவு பிளேடைப் பிடித்த நொடியில், மரத்தை அறுத்துக்கொண்டிருந்த விசை முழுவதும் மிஷின் மேல் திரும்புகிறது. மிஷின் பிளவைவிட்டு மேலே ஏறி, பிடித்திருப்பவர் பக்கமாகவே பாய்கிறது. தொடை, வயிறு, முன்கை எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கும்.

எவ்வளவு வேகத்தில் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் பிளேடின் விளிம்பு வினாடிக்கு சுமார் 69 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஜிக்சாவில் 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 3,000 முறை ஏறி இறங்கும் பிளேடின் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர்தான். மணிக்கு 7 கிலோமீட்டர். அந்த 7 கிலோமீட்டரும் விரலை அறுக்கப் போதும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சிக்கும்போது ஜிக்சா உங்கள் பக்கம் பாய்வதில்லை. இருந்த இடத்திலேயே தடதடவென்று குதிக்கும். பிளேடு வளையும், சில சமயம் முறியும். ட்ரிகரை விட்டால் அடங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். மார்பிள் கட்டர் பல் இல்லாத வைரப் பிளேடுக்காகச் செய்யப்பட்ட மிஷின். வைரப் பிளேடு கல்லைத் தேய்த்துத்தான் வெட்டுகிறது, மரப்பிளேடைப் போல் கடித்து இழுப்பதில்லை. அதனால் மேல் பாதிக்கு மட்டும் மூடி வைத்து, அடித்தகட்டுக்குக் கீழே பிளேடைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். அதில் பல் உள்ள மரப்பிளேடை மாட்டும்போது ஆபத்து கூடுகிறது, காப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மரத்துக்கென்றே வரும் சர்குலர் சாவில் பிளேடின் அடிப்பாதியை மூடும் ஸ்பிரிங் மூடி இருக்கும். பலகையைவிட்டு எடுத்ததும் அது தானாகவே வந்து பிளேடை மறைத்துவிடும். மார்பிள் கட்டரை வெட்டு முடிந்து தரையில் வைக்கும்போது பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், மிஷின் தானாகவே ஓடும். காலடியில் ஒயரும் லுங்கியும் இருக்கிற இடத்தில் அது ஓடக் கூடாது.

ஆசாரிகள் தினமும் அதில்தானே அறுக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் கைக்கு அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினைத் தொடுகிற நமக்கு அது கிடையாது. ஆங்கிள் கிரைண்டரில் மரப்பிளேடு மாட்டுவதைப் பற்றி ஒரே வரி: யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சரி, ஜிக்சாவில் ஆபத்து எங்கே இருக்கிறது? கீழே. மேலே இருந்து பார்க்கிறவருக்குப் பலகையும் கோடும்தான் தெரியும். அடியில் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மூடி எதுவும் இல்லாமல் பிளேடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் “தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்க” என்று கூப்பிடும் வழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்தியாக வேண்டும். பிடிக்க வருபவரின் நான்கு விரலும் பலகைக்கு அடியில்தான் இருக்கும். ஆளுக்குப் பதில் இரண்டு சி-கிளாம்ப் வாங்குங்கள். பலகையை மேசை விளிம்போடு இறுக்கி, வெட்டும் கோடு விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கும்படி வையுங்கள். கோட்டுக்கு மிக அருகில் தாங்கல் இருந்தால் பலகை அதிராது. பலகை அதிராவிட்டால் மிஷினும் குதிக்காது. கிளாம்ப் இருந்தால் இரண்டு கையும் மிஷினிலேயே இருக்கும். விரல் காப்பாற்றப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு ஏற்பாட்டால்தான். தொடங்குமுன் பலகைக்கு அடியில் மேசைக் காலோ ஒயரோ இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடித்தகடு பலகையில் முழுதாகப் படிந்த பிறகு, பிளேடு மரத்தைத் தொடாமல் இருக்கும்போதே மிஷினை ஓடவிட்டு, அப்புறம் உள்ளே நகர்த்த வேண்டும். முடிந்ததும் ட்ரிகரை விட்டு, பிளேடு நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். ஓடும்போதே தூக்கினால் பிளேடின் முனை பலகையை மேலிருந்து குத்தும், மிஷின் எகிறும், பிளேடு முறியும். நடுவில் ஓட்டை போட வேண்டுமானால் 10 மில்லிமீட்டர் பிட்டால் முதலில் துளையிட்டு, பிளேடை அதில் இறக்கித் தொடங்குங்கள். தள்ளவே தேவையில்லை. தள்ள வேண்டியிருக்கிறது என்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். ட்ரிகரைப் பூட்டும் பொத்தானை வீட்டு வேலையில் நான் தொடுவதே இல்லை, ஏனென்றால் கை நழுவினால் மிஷின் நிற்க வேண்டும். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பது கட்டாயம். இப்போதுதான் அறுத்த பிளேடு கையைச் சுடும், கொஞ்சம் பொறுங்கள்.

தூசியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு பசையும் கலந்திருக்கிறது. அதனால் அறைக்குள் வேண்டாம், மொட்டை மாடியிலோ வாசலிலோ அறுங்கள். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். பார்வைக் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் மூடியது தேவை. துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, லுங்கி நுனி எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஒயரைத் தோளுக்கு மேலே போட்டு முதுகுப் பக்கம் விட்டால் பிளேடு பக்கம் வராது.

வெட்டு சுத்தமாக இருக்காது என்பதுதான் ஜிக்சா மேல் எல்லோரும் சொல்லும் குறை. அது பாதி உண்மை. சாதாரண பிளேடு மேலே ஏறும்போது அறுக்கிறது, அதனால் சிலாம்பு மேல்பக்கம் எழும்பும். மைக்கா ஒட்டிய முகத்தைக் கீழே வைத்து, பின்பக்கம் கோடு போட்டு அறுத்தால் முன்பக்கம் சுத்தமாக வரும். பெண்டுலம் குமிழை (பிளேடு முன்னும் பின்னும் ஆடும் அளவைக் கூட்டிக் குறைப்பது) பூஜ்யத்தில் வைத்தால் இன்னும் நன்றாக வரும், நேரம்தான் கூடும். பிளேடுகளுக்கு வகை எண் உண்டு, பிளைவுட்டுக்கு நான் வைத்திருப்பது டி101பி. சீக்கிரம் அறுக்கத் தடிமனான மரத்துக்கு டி144டி, வளைவுக்கு டி101ஏஓ, தகரத்துக்கு டி118ஏ. டி101பிஆர் பல் தலைகீழாக இருக்கும், மேல்பக்கம் சிலாம்பு வராது. ஆனால் அது மிஷினை மேலே தள்ளும், அழுத்திப் பிடிக்கத் தெரிந்த பிறகு வாங்கலாம். நேர்க்கோட்டுக்கு ஒரு அலுமினியப் பட்டையைக் கிளாம்ப் செய்து, மிஷினின் விளிம்பை அதை ஒட்டி ஓட்டினால் போதும்.

அந்தக் குறையில் உண்மையான பாதி, தடிமனில் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் வரை எனக்குக் குறை இல்லை. அதற்கு மேல் கெட்டியான தேக்குச் சட்டம் என்றால் பிளேடு உள்ளே ஒரு பக்கம் சாய்ந்து, மேலே நேராகவும் அடியில் கோணலாகவும் வருகிறது. பேட்டரி ஜிக்சாவைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

எட்டுக்கு நாலு பலகையை நீளவாக்கில் கிழிக்க ஜிக்சா சரிப்படாது. நான் பிளைவுட் வாங்கும் கடையிலேயே பெரிய மிஷினில் அளவுக்கு அறுத்துத் தருகிறார்கள். அளவைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், மூலை வளைவும் ஓட்டையும் மட்டும் வீட்டில். முழுப் பலகைகளை அடிக்கடி நீங்களே அறுக்க வேண்டியிருந்தால், ஸ்பிரிங் மூடி உள்ள ஏழு இன்ச் சர்குலர் சா வாங்குங்கள். டைல்ஸ் வேலைக்காக மார்பிள் கட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அது டைல்ஸுக்கே இருக்கட்டும்.

ஜிக்சா வாங்கும்போது டி-ஷாங்க் பிளேடு (மிஷினில் மாட்டும் முனை ஆங்கில T வடிவில் இருப்பது) பிடிக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். யு-ஷாங்க் பிளேடில் வகைகள் குறைவாகத்தான் கிடைக்கும். மிஷினோடு வரும் ஒற்றைப் பிளேடை நம்பாமல் அன்றைக்கே ஐந்து பிளேடு பாக்கெட் ஒன்றும் இரண்டு கிளாம்பும் சேர்த்து பில் போடச் சொல்லுங்கள்.