வால்பாறையில் ராத்திரி தவளை நடை: தொட்டியும் வேலியுமே போதும்

ஜூலை கடைசியில் வால்பாறையில் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கினோம். இருட்டினதும் தவளை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள், ஆளுக்கு 500 ரூபாய். காட்டுக்குள் போவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊர், அதனால் வளாகத்தையும் வாசல் ரோட்டையும் தாண்டுவதில்லை.

முதலில் நிறுத்திய இடம் பின்பக்கம் பாசி பிடித்த பழைய சிமெண்டுத் தொட்டி. மேலே சாய்ந்திருந்த கொய்யாக் கிளையில் டார்ச் அடித்தால் கட்டிக் கட்டியாக வெள்ளை நுரை, எண்ணினேன், 14. எல்லாம் மலபார் பறக்கும் தவளையின் கூடுகள். பெண் தவளை தன் உடலில் சுரப்பதைக் காலால் அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும், பொரிந்த தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். நாங்கள் நின்றபோதே ஒரு கட்டியின் அடி இளகிச் சொட்டியது, அந்தச் சொட்டுக்குள் ஒரு வால் துடித்தது. இதற்கே கொடுத்த காசு தகும்.

அப்புறம் வேலிச் செடிகளில் நகம் அளவுக்குப் புதர்த்தவளைகள், டிக் டிக் என்று சத்தம். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதனால் குளம் குட்டை இல்லாத வேலியிலும் பெருகிவிடுகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூட்டிப்போன தம்பியின் கண்டிப்பு. போட்டோவுக்காக ஒன்றை இலை மாற்றி வைக்கச் சொன்னார் கூட வந்த ஒருவர். "தோலாலயும் மூச்சு விடுது சார், நம்ம கையில கொசு மருந்து இருக்கு, தொடவேணாம்" என்று முடித்துவிட்டார். வேறொரு மலையூரில் வழிகாட்டியே தவளையைப் பிடித்து டப்பாவில் போட்டு ஆளாளுக்குக் காட்டியதைப் பார்த்து மனசு வெந்து திரும்பியவள் நான், அதனால் இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. ஒரே நடையில் 11 பேர், ஒற்றையடிப் பாதையில் பின்னால் நின்றவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம் என்று புறப்படும்போதே சொல்லியிருக்கலாம், பாதி வழியில்தான் சொன்னார். 2000-ம் ஆண்டில் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஆனைமலை பறக்கும் தவளை எங்களுக்குத் தட்டுப்படவில்லை, அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அட்டைப்பூச்சி கடிக்காமல் போடும் காலுறை அவர்கள் தருவதில்லை, கையோடு கொண்டு போங்கள்.