வழித்தடம் முடிவாகும் முன்: கியூஜிஐஎஸ் மென்பொருள் மதிப்பீடு

சாலை, இருப்புப்பாதை போன்ற திட்டங்களின் சூழல் தாக்க மதிப்பீட்டில் பயன்தரும் பகுதி, வழித்தடம் முடிவாவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். முடிவான பின் எழுதப்படும் அறிக்கையால் சேதத்தைக் குறைக்கும் வழிகளைச் சொல்ல முடியுமே தவிர, சேதத்தைத் தவிர்க்க முடிவது அரிது. 2002-ல் தொடங்கப்பட்ட கட்டற்ற நிலவரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், அந்த முதற்கட்டத்துக்கு எவ்வளவு உதவும் என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது கட்டணமின்றி இயங்குகிறது.

காடு, நீர்நிலை, குடியிருப்பு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொரு மாற்று வழித்தடத்தைச் சுற்றியும் பஃபர் (குறித்த தூரம் வரையிலான சுற்றுப்பட்டை) வரைந்தால், அதற்குள் எத்தனை ஹெக்டேர் காடு அடங்குகிறது, எத்தனை ஓடைகள் குறுக்கிடுகின்றன என்பதை விரைவில் ஒப்பிட்டுவிடலாம். அடுக்கின் ஆயமுறை (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) மீட்டரில் இல்லாமல் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகையில் இருந்தால், பஃபர் அளவாக நாம் இடும் 500 என்பது 500 மீட்டர் ஆகாது. அலகு அருகிலேயே காட்டப்பட்டாலும் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும்.

நிலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதிப்பு மதிப்பெண் கொடுத்து, குறைந்த பாதிப்புள்ள பாதையைக் கணக்கிடும் வசதியும் கிராஸ் (GRASS) என்னும் மற்றொரு கட்டற்ற நிலவரைபட மென்பொருளின் கருவிகள் வழியாகக் கிடைக்கிறது. என் தயக்கம் இங்கேதான். சதுப்புநிலத்துக்கு 8, விளைநிலத்துக்கு 5 என்று வைப்பது கணினி அன்று, நாம்; அந்த எண்களை மாற்றினால் கோடும் நகரும், ஆனால் அச்சிட்ட வரைபடத்தில் அந்தத் தெரிவு எவருக்கும் தெரியாது. இதற்குத் தீர்வும் மென்பொருளிலேயே உண்டு: கணக்கின் படிகளை வரிசையாகக் கோத்துவைக்கும் மாடல் டிசைனரில் அவற்றைச் சேமித்துவைத்தால், எதிர்த்தரப்பினரும் தங்கள் மதிப்பெண்களை இட்டு அதே கணக்கை மீண்டும் செய்து பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே. பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

தரவின் குறைகளை மென்பொருளின் மேல் சுமத்த முடியாது, எனினும் சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத்தரவு ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. அடர்காட்டில் அது தரையைக் காட்டாமல் மரத்தலைகளுக்கு நெருக்கமான உயரத்தைக் காட்டுவதால், வெட்டும் மண், நிரப்பும் மண் பற்றிய கணிப்பு பிசகும். 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலும் மரநிழலில் ஓடும் சிற்றோடை தென்படாது. வரைபடத்தில் இல்லாத ஓடைக்கு எவரும் சிறுபாலம் திட்டமிட மாட்டார்கள்.

மாற்று வழித்தடங்களை ஒப்பிடும் வேலைக்கு 5-க்கு 4 மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் நிலஅளவையோ, லேசர் ஒளியால் உயரத்தை அளக்கும் லைடார் தரவோ இல்லாமல், இதில் வந்த அளவுகளை இறுதி அறிக்கையில் சேர்ப்பதை ஏற்க மாட்டேன்.