புக்கிட் ஜாலிலில் ஹரிமாவ் மலாயா ஆட்டம்: எங்கே உட்காரலாம், எப்போது கிளம்பலாம்

ஹரிமாவ் மலாயா எனப்படும் மலேசிய தேசியக் கால்பந்துக் குழுவின் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் பலரும் முன்வரிசைக்கு ஆசைப்படுகிறார்கள். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் அந்த ஆசை வேண்டாம். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது இது. திடலைச் சுற்றி ஓடுபாதை இருக்கிறது. முதல் சில வரிசைகளில் உட்கார்ந்தால் விளம்பரப் பலகைகள் குறுக்கே வரும், எதிர்ப்பக்கத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் இன்னும் மோசம், ஓடுபாதையின் வளைவு தூரத்தைக் கூட்டிவிடும். நடுக்கோட்டுக்கு நேராக, கீழ் அடுக்கின் கடைசி வரிசைகளோ அதற்கு மேல் அடுக்கோ கிடைத்தால் விடாதீர்கள். தற்காப்பு வரிசை எப்போது ஏறுகிறது, ஓரத்தில் எங்கே இடம் கிடைக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் பிடிபடும்.

ஆரவாரம்தான் முக்கியம் என்றால் அல்ட்ராஸ் மலாயா என்ற ரசிகர் கூட்டம் நிற்கும் வளைவுப் பக்கம் போங்கள். 90 நிமிடமும் நின்றுதான் பார்க்க வேண்டும், கொடிகள் மறைக்கும். சிறு பிள்ளைகளோடு அங்கே வேண்டாம்.

சுமார் 87,000 பேர் அமரும் இந்த அரங்கத்தின் பலம் இந்தோனேசியா வரும்போது தெரியும். 2010 டிசம்பர் 26, தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் இரண்டு ஆட்ட இறுதியில் முதல் ஆட்டம். லேசர் ஒளி கண்ணில் அடிக்கிறது என்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் முறையிட, இரண்டாம் பாதியில் ஆட்டம் நின்றது. அந்த லேசர் நமக்கு அவமானம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் 61, 68, 73-ஆம் நிமிடங்களில் மூன்று கோல்: சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று. ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் மொத்தத்தில் 4-2. கே. ராஜகோபால் பயிற்றுவித்த குழு நாட்டுக்கு முதல் முறையாக அந்தக் கிண்ணத்தை வென்று தந்தது. 2019 நவம்பரில் அதே இந்தோனேசியாவை சஃபாவி ரஷிட்டின் இரண்டு கோல்களால் 2-0 என வென்றதும் இங்கேதான்.

1980-இல் ஆர். ஆறுமுகம் கோல் காக்க, தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி ஒலிம்பிக் தகுதி பெற்ற ஆட்டத்தையும் சிலர் இந்த அரங்கத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது நகருக்குள் இருக்கும் மெர்டேக்கா அரங்கத்தின் பெருமை.

திடலின் புல்லைப் பற்றி இருந்த குறை இப்போது பெரிதும் தீர்ந்துவிட்டது. பழைய கவ் கிராஸ் வகைப் புல்லை எடுத்துவிட்டு 2023-இல் ஸியோன் ஸோய்சியா வகைப் புல் போட்டார்கள்.

எல்.ஆர்.டி. நகர ரயிலின் நெரிசலுக்குப் பயந்து 80-ஆவது நிமிடத்திலேயே எழுந்து போகாதீர்கள். 2014 சுசுகி கிண்ண இறுதியில், இங்கே நடந்த இரண்டாம் ஆட்டத்தில் மலேசியா 3-0 என முன்னிலையில் இருந்தது. முதல் ஆட்டத்தில் பாங்காக்கில் வாங்கிய இரண்டு கோல்களையும் ஈடுகட்டியாகிவிட்டது. 82, 87-ஆம் நிமிடங்களில் தாய்லாந்து இரண்டு கோல் அடிக்க, கிண்ணம் கைநழுவியது.

அரங்கத்துக்குப் போகும்போது மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் புத்ரா ஹைட்ஸ் என்று காட்டும் ரயிலில் ஏறுங்கள். அம்பாங் ரயில் சான் சோ லின் நிலையத்தில் வேறு தடத்தில் பிரிந்துவிடும். டச் அண்ட் கோ என்ற கட்டண அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் போட்டுவிடுங்கள், ஆட்டம் முடிந்ததும் இயந்திரங்களின் முன் வரிசை நகராது. கைப்பேசியில் உள்ள டிக்கெட்டை வீட்டிலேயே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்ததும் வாயிலில் இணையம் திணறும். நகரை நோக்கித் திரும்புகிறவர்கள் ஸ்ரீ பெட்டாலிங் நிலையம்வரை நடந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், ஏனென்றால் ரயில் அங்கே நின்றுவிட்டுத்தான் புக்கிட் ஜாலிலுக்கு வருகிறது.