விண்டோஸ் 10-இலேயே இருப்பதா, 11-க்கு மாறுவதா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணினிக்குத் தகுதி இருந்தால் மாறிவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் உண்டு. அதுவும் தனியாகப் பதிவு செய்தால்தான். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

தகுதிதான் சிக்கல். 11-க்கு டிபிஎம் 2.0 சிப் (பாதுகாப்புச் சாவிகளைக் காப்பது), செக்யூர் பூட் வசதி (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிப்பது), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தது. டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். பல கணினிகளில் அது பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பில், அணைந்தே கிடக்கிறது. 4 ஜிபி ராம் கணக்குக்குச் சரி, வேலைக்குப் போதாது. 8 இருக்கட்டும்.

10-க்குச் சாதகமான வலுவான காரணம் ஒன்று உண்டு. அதில் 32-பிட் பதிப்பு இருந்தது, 11-இல் இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பில்லிங் மென்பொருள் நேரடியாக ஓட அந்த 32-பிட் பதிப்புதான் வேண்டும். அதை இன்னும் அப்படி ஓட்டும் கடைகள் அவசரப்பட வேண்டாம். முதலில் மாற்று மென்பொருளைப் பாருங்கள், அதுவரை அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்.

தோற்றத்தில் பெரிய வேறுபாடு நடுவுக்கு வந்த ஸ்டார்ட் பட்டன்தான். அமைப்புகளில் இடப்பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

மாறிய பின் பிடிக்கவில்லையென்றால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். ஆனாலும் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட்டே தொடங்குங்கள்.